ஆறாத தழும்பு

பழனிமலையின் மேல்மலைக் கிராமங்களில் வாடைக்குக் கதவடைத்த வீடுகளுக்குள் விறகடுப்புப் புகை தங்கிவிடுகிறது. நாள்பட்ட இருமலைக் குளிரின் மேல் பழிபோட்டுக் கடப்பதும் அங்கே எளிது. அது நுரையீரல் தழும்பு நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

தோலில் தழும்பு விழுந்தால் புண் ஆறிவிட்டது என்று பொருள். நுரையீரலிலோ அந்த ஆற்றும் பணி நிற்பதேயில்லை. காற்றறைச் சுவரின் செல்கள் மீண்டும் மீண்டும் சிதைய, டிஜிஎஃப்-பீட்டா என்னும் புரதம் நார்த்திசுவை வளர்க்கும் செல்களைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. செல்களைப் பெருக்கும் இத்தகைய சமிக்ஞைகளையே புற்றுக்கட்டியும் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. காரணம் புலப்படாத தழும்பு நோயாளிகளுக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். முதுமையும் புகைப்பழக்கமும் மட்டுமே இதை முழுமையாக விளக்கிவிடவில்லை. புற்றுக்கட்டிக்கு இரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்க உருவான நின்டெடானிப் மருந்து, 2014-இல் அமெரிக்காவில் தழும்பு நோய்க்கு அனுமதி பெற்றது தற்செயலன்று. ஆனால், அது நோயின் வேகத்தைத்தான் குறைக்கும். விழுந்த தழும்பை அழிக்காது.

விறகுப் புகை புற்றுநோயை 'அநேகமாக உண்டாக்கும்' என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தரும் வகைப்பாடு. உறுதியான பட்டியலில் இருப்பது வீட்டு நிலக்கரிப் புகை. ஆகவே அச்சம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். நம் நாட்டில் இந்நோயைக் காசநோய் என்று தவறாகக் கருதி மருந்து கொடுப்பதும் நடக்கிறது. பூம்பாறையிலோ மன்னவனூரிலோ முதல் பரிசோதனைக்கு ஸ்கேன் கருவி தேவையில்லை. முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மூச்சை ஆழ இழுக்கச் சொன்னால், வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பதுபோன்ற ஒலி பெரும்பாலும் கேட்டுவிடும்.