கால்நடைக் காப்புறுதியும் மக்கள் நம்பிக்கையும்

புளத்கொகுபிட்டியத் தோட்ட லயமொன்றில் கறவைப் பசு மாண்டால், அக்குடும்பத்தின் பால் வருமானமும் அன்றே நின்றுவிடும். இவ்விழப்பை ஈடுசெய்வது காப்புறுதியாகும். எனினும் பலர் அதிற் சேரத் தயங்குவது ஏன்?

கென்யாவின் மார்சபிட் பகுதியில், மேய்ச்சல் தேடி இடம்பெயரும் குடும்பங்களுக்காக 2010ஆம் ஆண்டு ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. செயற்கைக்கோளால் அளக்கப்படும் மேய்ச்சல் நிலத்தின் பசுமை மிகக் குறைந்தால் பணம் வழங்கப்படும். 2011ஆம் ஆண்டு வறட்சியில் அவ்வாறே வழங்கப்பட்டது. கட்டுப்பணத்திற் சலுகை கிடைத்தபோது சேர்ந்தோர் பெருகினர். தம் மந்தை மடிந்தும் அளவீடு அதனைக் காட்டாதவிடத்து ஆர்வம் குன்றிற்று.

இலங்கையில் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை கால்நடைகளையும் காப்புறுதி செய்கின்றது. எவ்விழப்புக்கு ஈடு உண்டு, எதற்கு இல்லை என்பதை முன்னரே கேட்டறிந்து, பசு நலமாயிருக்கும்போதே சேர்தல் நன்று.