டிரக்கையே நிறுத்திவிடும் ஒரு சின்ன ஊசி, தெரியுமா?

ஒரு டன்னுக்கும் மேல் எடையுள்ள பிக்கப் டிரக் ஓடுவதா, பெட்ரோலைக் கீழே கொட்டுவதா என்பதை ஒரு சின்ன ஊசி முடிவுசெய்கிறது, தெரியுமா?

அமெரிக்காவின் செவ்ரோலே 3100 பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். 1950-ல் அதில் வந்தது ரோச்செஸ்டர் பி கார்புரேட்டர், அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கருவி. அதன் மூடியில் இரண்டு பித்தளை மிதவைகள் தொங்குகின்றன. மெல்லிய தகடு, உள்ளே வெறும் காற்று! மூடிக்குக் கீழே உள்ள கிண்ணத்தில் பெட்ரோல் ஏற ஏற மிதவை எழும்பி, பெட்ரோல் வரும் துளைக்குள் ஊசியை அழுத்தும், வரத்து நின்றுவிடும். நம் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பால் வால்வு செய்யும் அதே வேலை!

இப்படிப்பட்ட டிரக்கை ஆசை ஆசையாகப் புதுப்பித்து, பெயிண்ட் அடித்து நிறுத்தினால், கார்புரேட்டர் ஓரம் ஈரம்! உடனே ஸ்பேனரைத் தூக்காதீர்கள். எப்போது ஒழுகுகிறது என்று மட்டும் கவனியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது!

வண்டி ஓடும்போதே வழிகிறதா? ஊசி மூடவில்லை. பல வருடம் சும்மா நின்ற டேங்க்கிலிருந்து வந்த ஒரே ஒரு துருத் துகள் போதும், ஊசி துளையில் உட்காராது! ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் கார்புரேட்டரை மெல்லத் தட்டுங்கள். துகள் நழுவி ஒழுகல் நின்றாலும் நின்றுவிடும். பெட்ரோல் பம்ப்பையும் பாருங்கள். பழைய மெக்கானிக்கல் பம்ப்பின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 4 பவுண்டுதான், டயரில் நாம் அடிக்கும் காற்றில் ஏழில் ஒரு பங்குகூட வராது! அதைக் கழற்றிவிட்டு அழுத்தம் அதிகமான எலெக்ட்ரிக் பம்ப்பை மாட்டினால், பாவம், மிதவை என்ன செய்யும்? ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் உள்ளே பாயும்.

ஓடும்போது ஒன்றுமில்லை, நிறுத்திய பத்து நிமிடத்தில் ஒழுகுகிறதா? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த ஆச்சரியம். பெட்ரோலில் உள்ள லேசான பொருள்கள் கிட்டத்தட்ட நம் உடம்புச் சூட்டிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும்! இந்த ஆறு சிலிண்டர் இன்ஜினில் கார்புரேட்டருக்கு அடியிலேயே, புகை வெளியேறும் சூடான குழாய். வண்டி ஓடும்வரை காற்றும் புதுப் பெட்ரோலும் பாய்ந்து குளிர்விக்கும். நின்றதும் சூடு மேலேறும், கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து இன்ஜினுக்குப் பெட்ரோல் தெளிக்கும் நாசில் வழியே பொங்கிவிடும். பால் பொங்குவது போலத்தான்! சூடு தாங்கும் தடித்த கேஸ்கட்டை அடியில் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எந்நேரமும் லேசாகக் கசிகிறது என்றால் மூடியைச் சந்தேகியுங்கள். ஸ்க்ரூவை அளவுக்கு மீறி இறுக்கினால் மூடி வளைந்துவிடும், கேஸ்கட்டும் இடைவெளியை அடைக்காது. எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கச் சாக்பீஸ் தூள் போதும், தெரியுமா? கார்புரேட்டரைத் துடைத்து உலர்த்தித் தூவுங்கள். வெள்ளைத் தூளில் ஈரக்கோடு ஊர்ந்து வருவது கண்முன்னே தெரியும்!

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து தூரத்து நெருப்பைத் தேடிப் போகும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரில்கூடப் பற்றிக்கொள்ளும்! பேட்டரி வயரைக் கழற்றாமல் கை வைக்காதீர்கள்.

கடைசியாக, மிதவை. கழற்றிக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே சளசளவென்றால் ஓட்டை! பெட்ரோல் புகுந்து கனமாகி, மிதக்க வேண்டியது மூழ்குகிறது. ஓட்டை எங்கே? கண்ணுக்கே தெரியாது! கொதித்து இறக்கிய தண்ணீரில், பக்கத்தில் தீயே இல்லாத இடத்தில், மிதவையை அமுக்குங்கள். உள்ளிருக்கும் காற்று சூட்டில் விரிந்து ஓட்டை வழியே குமிழி குமிழியாகக் கிளம்பும்! அந்த இடத்தில் குறியிட்டு, உள்ளே சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் முழுக்க வெளியேற்றிய பிறகே ஈயப் பற்றுவைக்க வேண்டும். இல்லையென்றால் மிதவையே வெடித்துவிடும். பற்றும் மிக மெல்லியதாக இருக்கட்டும். கொஞ்சம் ஈயம் கூடினாலும் மிதவை தாழ்ந்து கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் உயர்ந்துவிடும்! பிறகு திரும்பவும் வெந்நீரில் அமுக்குங்கள். ஒரு குமிழிகூட வராவிட்டால் ஊசியை மாட்டி மூடலாம்.