சேதி சொல்லும் செடிகள்

பருத்திக் காட்டின் ஓரத்தில் ஆமணக்கு விதைப்பது குடியானவர்கள் அறிந்த முறையே. இலை தின்னும் புழுவின் தாய்ப்பூச்சி ஆமணக்கு இலையையே விரும்பி நாடி முட்டையிடும். அவ்விலையைப் புரட்டிப் பார்ப்பவருக்குப் பருத்திக்கு வரவிருக்கும் ஆபத்து முன்னதாகவே புலப்பட்டுவிடும். செடியையே காவலுக்கு வைக்கும் இந்த யுக்தியை விஞ்ஞானம் வெகுதூரம் வளர்த்திருக்கிறது.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூன் மெட்ஃபோர்டு அம்மையாரின் குழுவினர், 2011 ஜனவரியில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். டி.என்.டி. என்னும் வெடிமருந்தை உணரவல்ல புரதமொன்றைக் கணிப்பொறியின் துணைகொண்டு வடிவமைத்து, அதற்குரிய மரபணுவைச் செடியினுள் புகுத்தினர். வெடிமருந்தை உணர்ந்ததும் இலையில் பச்சையம் உண்டாவது நின்று, உள்ளதும் சிதைகிறது, இலை வெளுத்துவிடுகிறது. அதைக் காண வேறு கருவி வேண்டுவதில்லை.

இதனால் நமக்கென்ன என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். நம் நொய்யலை எண்ணிப் பாருங்கள். சென்னிமலைக்கு அருகே பாசனத்திற்கென 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூரின் சாயக் கழிவு தேங்கிற்று. உப்பு நிலத்திலும் கிணறுகளிலும் ஏறிற்று. கழிவுநீரைச் சொட்டும் வெளியேவிடாத ஏற்பாடு செய்யாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதும் அதே 2011 ஜனவரியில்தான். அதற்குள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

நீரில் உப்பு மிகுந்தால் இலையின் நுனியும் ஓரமும் கருகும். அதுவும் செடி சொல்லும் சேதிதான். ஆனால் காலங்கடந்த சேதி. கருகல் கண்ணில் படுவதற்குள் விளைச்சலில் ஒரு பங்கு போய்விடுகிறது. பாதிப்பு நேருமுன் நிறம் மாறி எச்சரிக்கும் செடி கிடைத்தால் பெரும் நன்மையே. ஆயினும் உப்பையோ சாயத்தையோ அவ்வாறு காட்டும் செடி நம் தோட்டங்களுக்கு இன்னும் வரவில்லை. மரபணு மாற்றிய செடியை மத்திய அரசின் அனுமதியின்றி வயலில் நடவும் இயலாது.

ஆகவே அதுவரை நாம் வாளாவிருக்கலாகாது. சங்கங்களைத் தணிக்கை செய்யச் செல்லுங்கால் எத்தனையோ பதிவேடுகளைப் புரட்டுகிறோம்; கிணற்று நீரின் உப்பளவிற்கென ஒரு பக்கம் இருக்கக் கண்டோமில்லை. மழைக்கு முன்னும் பின்னும் நீரைப் பரிசோதனை நிலையத்தில் ஆய்வித்து, அளவை ஆண்டுதோறும் எழுதி வைப்பது பெருஞ்செலவன்று. நெசவாளர் சங்கங்களும் தாம் வாங்கும் நூலுக்குச் சாயமிட்ட நீர் எங்கே போயிற்று என்று விசாரித்தல் வேண்டும். அந்நீர் இறுதியில் சேர்வது நம் அங்கத்தினர் ஒருவரின் கிணறாகவே இருக்கக்கூடும்.