வாயில்லா ஜீவன்களுக்காகப் பேசும் கருவிகள்

2022 டிசெம்பரில் வங்காள விரிகுடாவில் மாண்டூஸ் சூறாவளி உருவாகிய வேளையில், வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஒரு சில தினங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் எருமைகளும் ஆடுகளும் மடிந்தன. தொற்றுநோயோ என்ற அச்சம் எங்கும் பரவியது. இறைச்சியை இம்மாகாணங்களிலிருந்து வெளியே கொண்டுசெல்வதற்குத் தற்காலிகத் தடையும் விதிக்கப்பட்டது. கடுங்குளிரின் தாக்கமே காரணம் என்பது பின்னர் நடைபெற்ற பரிசோதனைகளின் மூலம் தெரியவந்தது. ஆனால், அதற்குள் எல்லாமே முடிந்துவிட்டிருந்தது.

வேட்டை விலங்குகளுக்கு இரையாகக்கூடிய உயிரினம் தனது பலவீனத்தை வெளிக்காட்டுவதில்லை. வீட்டு விலங்காக மாறிப் பல்லாயிரம் ஆண்டுகள் கடந்த பின்னரும் மாட்டிடம் இந்த இயல்பு எஞ்சியிருக்கின்றது. நோய் நம் கண்ணுக்குப் புலப்படும்போது அது முற்றிவிட்டிருக்கும். இந்த இடைவெளியைக் குறைப்பதற்காகவே சென்சர் எனப்படும் உணரிகள் உலகின் பல நாடுகளில் கால்நடைப் பண்ணைகளுக்குள் புகுந்துள்ளன. 1992 இல் நெதர்லாந்தில் பால் கறக்கும் ரோபோ முதன்முதலாக வர்த்தக ரீதியில் பயன்பாட்டுக்கு வந்தது. மனிதக் கை மடியைத் தொடாத இடத்தில் மாட்டின் நிலையைக் கருவிதானே அறிந்து சொல்லவேண்டும்? உணரிகளின் தேவை அதனோடு மேலும் பெருகியது.

இவற்றின் செயற்பாடு நாம் எண்ணுமளவுக்குச் சிக்கலானதல்ல. ஆரோக்கியமான பசு நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 முதல் 8 மணித்தியாலங்கள் இரைமீட்கின்றது. கழுத்துப் பட்டியிலோ காதிலோ பொருத்தப்படும் சிறு கருவி தலையினதும் தாடையினதும் அசைவைக் கொண்டு இந்நேரத்தைக் கணக்கிடுகின்றது. பசு தீவனத்தை வெறுக்கத் தொடங்கியதை நாம் கவனிக்கு முன்னரே இரைமீட்கும் நேரம் குறைந்துவிடுவதுண்டு. விழுங்கச் செய்யப்படும் மற்றொரு கருவி, நான்கறை வயிற்றின் இரண்டாம் அறையில் தங்கி உடல் வெப்பநிலையை இடைவிடாது அனுப்புகின்றது. பசு தண்ணீர் குடிக்கும் ஒவ்வொரு தடவையும் அங்கு வெப்பம் திடீரெனத் தாழ்வதால், எத்தனை முறை குடித்தது என்பதும் தெரிந்துவிடுகின்றது! மடியழற்சி கண்ட பாலில் சோடியமும் குளோரைட்டும் மிகுவதால் அதன் மின்கடத்துதிறன் உயரும். கறவை இயந்திரத்தில் உள்ள உணரி இதனை அளந்து எச்சரிக்கும். வேட்கைக் காலத்தில் பசு வழமையை விட அதிகம் நடமாடும். அதனைக் காலில் கட்டிய கருவி காட்டிக்கொடுத்தால், செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்குரிய நேரம் தவறாது. தவறினால் மேலும் 21 நாட்கள் காத்திருக்க வேண்டும் என்பதைப் பாலை நம்பி வாழும் குடும்பங்கள் நன்கறியும்.

எனினும் கருவி சொல்லுமேயன்றி மருந்து கட்டாது. எச்சரிக்கை வந்தவுடன் கால்நடை வைத்தியர் வந்து சேரக்கூடிய தொலைவில் இருக்கவேண்டும். மேலைநாடுகளில் எழுந்துள்ள வேறொரு விமர்சனமும் புறக்கணிக்கத்தக்கதல்ல. கருவி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில், ஒரு தொழிலாளியின் பொறுப்பில் மேலும் நூறு மாடுகள் விடப்பட்டால் அது விலங்கின் நலனுக்காகச் செய்யப்பட்டதாகாது. உரிமையாளரின் செலவைக் குறைக்கும் ஏற்பாடேயாகும்.

எமது பிரதேசத்தின் நிலைமை இன்னும் வேறானது. மேற்கூறிய கருவிகள் பெரும்பாலும் தொழுவத்தில் நிற்கும் கறவைப் பசுக்களுக்காக உருவானவை. கிழக்கிலோ பெரும்போக நெற்செய்கை ஆரம்பித்ததும் மாட்டுப் பட்டிகள் வயல்வெளிகளை விட்டு மயிலத்தமடு, மாதவனை போன்ற தூரத்து மேய்ச்சல் தரைகளுக்குக் கொண்டுசெல்லப்படுகின்றன. மழையும் குளிரும் மிகுந்த மாதங்களும் அவைதான். தமது மேய்ச்சல் தரைகளில் அத்துமீறிப் பயிர் செய்யப்படுவதாகவும் மாடுகள் கொல்லப்படுவதாகவும் முறையிட்டு, 2023 செப்டெம்பரில் அப்பகுதிப் பண்ணையாளர்கள் தொடர் போராட்டத்தில் இறங்கினர். மேய்ச்சல் தரையையே இழக்கும் ஒருவரிடம் கழுத்துப் பட்டியைப் பற்றிப் பேசுவது அவரைப் பரிகசிப்பதாகவே முடியும்.

நோர்வேயில் உருவாகிய ஒரு கருவி இவ்விடத்தில் எமது கவனத்தை ஈர்க்கின்றது. செய்மதி மூலம் இருப்பிடத்தை அறியும் அந்தக் கழுத்துப் பட்டி, வேலியின்றியே எல்லையை வகுக்கின்றது. ஆடோ மாடோ எல்லையை அணுகினால் முதலில் ஒலி எழும். மீறிச் சென்றால் மெல்லிய மின்னதிர்ச்சி கிடைக்கும். விலங்குக்கு அதிர்ச்சி கொடுப்பது முறையா என்ற வாதம் ஒருபுறமிருக்க, வயலுக்குள் மாடு புகுந்ததால் விவசாயிக்கும் பட்டிக்காரருக்கும் இடையே மூளும் பிணக்குகளைக் கண்டு பழகிய தமிழ், முஸ்லிம் கிராமங்களுக்கு இதன் பயன் விளங்காமலிராது. ஆனால் எல்லைக்கு இப்பால் புல் இருக்கவேண்டும்.

ஒவ்வொரு மாட்டுக்கும் கருவி வாங்குவது சிறு பண்ணையாளரால் இயலாத காரியம். பட்டிக்கு நான்கைந்து மாடுகளுக்கு மட்டும் அதனைப் பொருத்தி, தகவலைப் பிரதேச கால்நடை வைத்திய அலுவலகம் பெறும் வகையில் பரீட்சித்துப் பார்க்கலாம். அச்செலவை மாகாண சபைகளின் கால்நடைத் திணைக்களங்கள் ஏற்பதே நியாயம். 2022 இல் மழையில் நனைந்து திறந்தவெளியில் நின்ற மாடுகளின் வெப்பநிலை தாழ்வதை ஒரு கருவி நள்ளிரவில் அறிவித்திருந்தாலும், அவற்றை ஓட்டிச் சென்று அடைப்பதற்கு ஒரு கூரை இருந்திருக்கவேண்டும். மேட்டு நிலங்களில் கொட்டில்களும் சேமித்த வைக்கோலும் அடுத்த பெரும்போகத்துக்கு முன்னர் ஆயத்தமாகுமா என்பதே பண்ணையாளர்கள் இன்று அதிகாரிகளிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வியாகும்.