தானமாய் வந்த மென்பொருளும் தட்டிக் கேட்கும் உரிமையும்

தானங் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பாராதே என்பது பழமொழி. விலையின்றிக் கிடைக்கும் ஒலிப்பதிவு மென்பொருளுக்கு இம்மொழி பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பதுளை, பசறை, லுணுகலைப் பகுதித் தோட்டங்களில் தாலாட்டும் ஒப்பாரியும் காமன் கூத்துப் பாட்டும் முதியோர் நாவிலேயே பெரிதும் வாழ்கின்றன. பாடுவோர் மறையின் பாட்டும் மறையும். அவற்றைப் பதிந்து வைக்க முற்படும் இளைஞர்க்குக் கைகொடுக்கக் கூடியது 'ஓடாசிற்றி' என்னும் திறந்த மூல மென்பொருள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரொஜர் டனன்பேர்க் என்போர் 1999இல் இதனைத் தொடங்கி, 2000இல் வெளியிட்டனர். இதன் மூல நிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம்.

ஆயினும் பயன்படுத்துவோர் மனக்குறைகள் பல. மூன்றினை மட்டும் நோக்குவோம்.

முதலாவது, பதிந்த ஒலி காணாமற் போதல். முன்னைய பதிப்புகளில் ஒரு பதிவைச் சேமித்தால், சிறு கோப்பொன்றும் அதனருகே ஓர் உறையும் தோன்றும். கோப்பில் இருந்தது குறிப்பு மட்டுமே. ஒலி முழுவதும் துண்டு துண்டாக உறையினுள் இருந்தது. இதனை அறியாதார் கோப்பை மட்டும் வேறு கணினிக்கு எடுத்துச் சென்று ஏமாந்தனர். பாட்டியின் ஒப்பாரியை அவ்வாறு இழந்தவர்க்கு மீண்டும் பாடப் பாட்டி இருப்பாரென்பது என்ன நிச்சயம்? 2021 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் எல்லாம் ஒரே கோப்பினுள் அடக்கப்பட்டன.

இரண்டாவது, எம்.பி.3 வடிவில் ஒலியை வெளியிடுதல். இதற்குரிய 'லேம்' என்னும் கருவியைப் பயனர் தனியே தேடிப் பொருத்த வேண்டியிருந்தது. ஆக்குநரின் சோம்பல் எனப் பலர் கருதினர். உண்மை அஃதன்று, காப்புரிமைச் சட்டமே தடையாக நின்றது. 2017இல் அக்காப்புரிமைகள் முடிவுற்றன. 2019இல் லேம் மென்பொருளுடனேயே சேர்ந்து வந்தது.

மூன்றாவது, இரைச்சல். லயத்துத் தகரக் கூரையில் மழை கொட்டும்போது பதிந்த பாட்டிலிருந்து மழையை நீக்க இயலவில்லையே எனச் சிலர் நொந்துகொள்வர். இரைச்சல் குறைக்கும் கருவி, இரைச்சல் மட்டும் உள்ள ஒரு சிறு பகுதியை மாதிரியாகக் கொண்டு, அதனை யொத்ததைத் தணிப்பது. மின்விசிறியின் ஒரே சீரான ஒலிக்கு அது நன்கு உதவும். கணந்தோறும் மாறும் மழைக்கு அவ்வளவு உதவாது. இது மென்பொருளின் பிழையன்று. மழை ஓயும்வரை காத்திருத்தலே தக்கது.

எனவே குறையெல்லாம் ஒரே தன்மைத்தன்று. ஒன்று அமைப்பின் குறை. ஒன்று சட்டத்தின் தடை. ஒன்று நம் அறியாமை. இவற்றைப் பிரித்தறியாது வைதல் எவர்க்கும் பயன் தராது. தோட்டத்து டிஸ்பென்சரிக்குச் சென்று 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொன்னால் மருந்து கிடைக்குமா? அதுபோல, 'வேலை செய்யவில்லை' என்னும் முறையீடும் வீணே. எந்தப் பதிப்பு, எவ்வகைக் கணினி, என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நேர்ந்தது என்னும் ஐந்தையும் எழுதினால், ஆக்குநர் தம் கணினியிலும் அப்பிழையைத் தோற்றுவித்துத் திருத்த முடியும்.

ஆக்குநர்க்கும் கடமையுண்டு. தமக்குத் தெளிவானது பிறர்க்கும் தெளிவென எண்ணலாகாது. 2021இல் இம்மென்பொருள் மியூஸ் குழுமத்தின் வசமான பின், பயனரின் பயன்பாட்டு விவரங்களைத் திரட்டும் திட்டம் முன்வைக்கப்பட்டது. பயனர் எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. பணம் கொடாதார் சொல்லும் அம்பலம் ஏறும் என்பதற்கு இது சான்றாகும்.

ஆகவே, இத்தானத்தை மட்டும் பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும். கண்டதைக் கொடுத்தவர்க்கு உரைத்தலே நாம் செலுத்தும் விலை. ஆனால் அம்முறையீடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றன. லயத்தில் இருந்து பாட்டைப் பதியும் இளைஞன் அம்மொழிக்கு அஞ்சி வாய்மூடின், அவன் குறை தீராது, பாட்டும் நில்லாது. கல்லூரியிற் கற்ற மொழியால் அவனுக்காக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தல் பழைய மாணவராகிய நமக்கு இயலாத காரியமன்று.