படைப்பாற்றலைப் பேணும் மனம்

சிறு குழந்தையின் கையில் ஒரு பென்சில் கிடைத்தால் போதும். சுவரும் தரையும் ஓவியப் பலகையாகிவிடும். காலி அட்டைப்பெட்டி கப்பலாகும், போர்வை கூடாரமாகும். இவற்றுக்காக எவரும் அக்குழந்தைக்குப் பரிசு தருவதில்லை; புள்ளி வழங்குவதும் இல்லை. ஆயினும், அதே குழந்தை வளர்ந்து இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும், “எனக்கு வரையத் தெரியாது”, “எனக்குக் கதை எழுத வராது” என்று ஒதுங்கிக்கொள்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் மறைந்து போனது திறமையா, ஊக்கமா என்பது சிந்திக்கத்தக்க வினாவாகும்.

புதுமையும் பயனும் கொண்ட ஒன்றை உருவாக்கும் ஆற்றலே படைப்பாற்றல் எனப்படும். இது கவிஞர்களுக்கும் ஓவியர்களுக்கும் மட்டுமே உரியதன்று. மீந்துபோன சோற்றைக் கொண்டு சுவையான புதிய உணவைச் சமைப்பவரிடமும், கிடைக்காத உதிரிபாகத்திற்கு மாற்றுவழி காணும் பட்டறைத் தொழிலாளியிடமும் அவ்வாற்றல் உண்டு. அது வாழ்நாள் முழுவதும் நிலைத்திருக்க வேண்டுமானால், அதைத் தாங்கும் தூண்டுதலும் மனப்பான்மையும் தேவை.

மனிதரைச் செயல்படத் தூண்டுபவை இருவகைப்படும். செயலில் கிடைக்கும் இன்பத்திற்காகவே அதைச் செய்வது அகத்தூண்டல். பரிசு, புகழ், பணம் ஆகியவற்றுக்காகச் செய்வது புறத்தூண்டல். இவ்விரண்டுக்கும் இடையிலான தொடர்பை 1973-ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று தெளிவாகக் காட்டியது. வண்ணப் பேனாக்களால் வரைவதில் ஏற்கெனவே ஆர்வம் கொண்டிருந்த பாலர்பள்ளிக் குழந்தைகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முதல் குழுவினருக்கு முன்கூட்டியே கூறப்பட்டது. இரண்டாம் குழுவினருக்கு எதுவும் சொல்லாமல் இறுதியில் அதே சான்றிதழ் வழங்கப்பட்டது. மூன்றாம் குழுவினருக்கு எதுவும் தரப்படவில்லை. ஓரிரு வாரங்களுக்குப் பிறகு, ஓய்வு நேரத்தில் அக்குழந்தைகள் என்ன செய்கின்றனர் என்று கவனிக்கப்பட்டது. பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்ற குழந்தைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதியளவே வரைவதில் செலவிட்டனர். விளையாட்டாக இருந்தது அவர்களுக்கு வேலையாக மாறிவிட்டது.

பரிசு தீயது என்பது இதன் பொருளன்று. எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளின் ஆர்வம் குறையவில்லை. பரிசுக்காக மட்டுமே செய்யும்போதுதான் ஆர்வத்தின் வேர் வாடுகிறது. ஆகவே, படைப்பு வாழ்க்கையை விரும்புவோர், “இதனால் எனக்கு என்ன கிடைக்கும்?” என்று கேட்பதற்கு முன், “இதைச் செய்வதில் எனக்கு என்ன பிடித்திருக்கிறது?” என்று கேட்டுப் பார்ப்பது நன்று.

எனினும், ஆர்வம் மட்டும் பசியைத் தீர்க்காது. படைப்பாளரும் வாடகை கட்ட வேண்டும். குடும்பத்தைக் காக்க வேண்டும். இச்சிக்கலை எதிர்கொண்டவர்களுள் ஒருவர், மலேசியர் அனைவரும் ‘லாட்’ என்று அன்போடு அழைக்கும் கேலிச்சித்திரக் கலைஞர் டத்தோ முகமட் நோர் காலிட். 1951-ஆம் ஆண்டு பேராக் மாநிலத்தில் பிறந்து, கம்பத்தில் வளர்ந்த இவர், சிறு வயதிலேயே படம் வரைந்து பள்ளி நண்பர்களுக்கு விற்றார். பதின்மூன்றாவது வயதில் இவருடைய முதல் சித்திரக்கதை நூலாக வெளிவந்தது. பதினேழாவது வயதில் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் தொடர்ச் சித்திரம் வரையத் தொடங்கினார்.

பள்ளிப்படிப்பை முடித்ததும் கோலாலம்பூருக்குச் சென்று, நாளிதழ் நிறுவனம் ஒன்றில் ஓவியர் வேலைக்கு விண்ணப்பித்தார். அவ்வேலைக்கு இடம் காலியாக இல்லை. மாறாக, குற்றச்செய்தி நிருபர் பணி இருப்பதாகக் கூறப்பட்டது. விரும்பிய பணி கிடைக்காதபோதும் குடும்பத்தின் தேவையை எண்ணி அவர் அதை ஏற்றார். ஆனால் தூரிகையைக் கீழே வைத்துவிடவில்லை. பகலில் செய்தி திரட்டிக்கொண்டே தம் தொடர்ச் சித்திரத்தையும் வரைந்து வந்தார். நகரின் எல்லா மூலைகளுக்கும் சென்று, எல்லா இனத்தவரையும் எல்லாத் தரப்பினரையும் சந்திக்க அப்பணி வாய்ப்பளித்தது. மனிதர் நிற்கும் விதம், பேசும் விதம், சினம் கொள்ளும் விதம் அனைத்தும் அவருடைய மனத்தில் பதிந்தன.

1974-இல் மலாய்ச் சிறுவர்களின் வாழ்க்கைச் சடங்கு ஒன்றைப் பற்றி அவர் வரைந்த சித்திரங்கள் ஆசிய வார இதழ் ஒன்றில் வெளியாயின. அவற்றைப் பார்த்து வியந்த நாளிதழ் ஆசிரியர், வரைந்தவர் தம் நிறுவனத்திலேயே நிருபராக இருப்பதை அறிந்து மேலும் வியந்தார். அதன்பின் லாட் முழுநேரக் கேலிச்சித்திரக் கலைஞரானார். 1979-இல் வெளிவந்த ‘தி கம்போங் பாய்’ என்னும் அவருடைய சித்திர நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. வேறு தொழில் செய்வது கலைக்குத் தடை என்று பலர் எண்ணுவர். லாட்டின் வாழ்க்கையிலோ அத்தொழிலே கலைக்கு உணவளித்தது.

படைப்பு வாழ்க்கையின் மற்றோர் எதிரி தோல்வி பற்றிய அச்சம். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டைசன், தம் வீட்டுத் தூசி உறிஞ்சும் இயந்திரம் விரைவில் உறிஞ்சும் திறனை இழப்பதைக் கண்டார். அதிலிருந்த பையின் நுண்துளைகளைத் தூசி அடைத்துக்கொள்வதே காரணம். மரம் அறுக்கும் ஆலைகளில் காற்றைச் சுழலச் செய்து மரத்தூளைப் பிரிக்கும் முறையைக் கண்ட அவர், அதையே சிறிய அளவில் செய்தால் பையே தேவைப்படாது என்று எண்ணினார். எண்ணம் ஒரு நாளில் தோன்றியது. அது செயலாவதற்கோ ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆயின. மாதிரி ஒன்றைச் செய்வார், சோதிப்பார், ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து மீண்டும் சோதிப்பார். ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றினால், எந்த மாற்றத்தால் விளைவு ஏற்பட்டது என்று தெரியாமல் போய்விடும் அல்லவா? இவ்வாறு 5,127-ஆவது மாதிரியே வெற்றி பெற்றது. அதற்கு முன் செய்த 5,126 மாதிரிகளும் வீணானவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு தகவலைத் தந்தது.

தோல்வியைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் தகவலாகக் கொள்ளும் இம்மனப்பான்மையைப் பற்றி உளவியலாளர் கேரல் டுவெக் விரிவாக எழுதியுள்ளார். திறமை பிறவியிலேயே அமைந்தது, அதை மாற்ற இயலாது என்று நம்புவோர், தோற்றுவிடக்கூடிய செயல்களைத் தவிர்க்கின்றனர். திறமை பயிற்சியால் வளரும் என்று நம்புவோர் கடினமானவற்றையும் முயன்று பார்க்கின்றனர். “எனக்கு வரையத் தெரியாது” என்பதற்கும் “எனக்கு இன்னும் வரையத் தெரியவில்லை” என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு சிறியதன்று. முன்னது கதவை மூடுகிறது. பின்னது அதைத் திறந்து வைக்கிறது.

அக்கதவை இறுதிவரை திறந்தே வைத்திருந்தவர் ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய். 1760-இல் பிறந்த அவர், உலகப் புகழ்பெற்ற ‘பேரலை’ ஓவியத்தை வரைந்தபோது எழுபது வயதை எட்டியிருந்தார். அதன் பிறகும் அவர் நிறைவடையவில்லை. எழுபது வயதுக்கு முன் தாம் வரைந்தவற்றுள் குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை என்றும், வயது கூடக்கூடத் தம் கலை மேலும் ஆழமாகும் என்றும் அவர் எழுதி வைத்தார். 1849-இல் மறையும்வரை அவர் வரைந்துகொண்டே இருந்தார்.

வரையத் தொடங்கும் அனைவரும் லாட்டாகவோ ஹொக்குசாயாகவோ ஆகிவிடுவதில்லை. அவ்வாறு ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. யாருக்கும் காட்டாத நாட்குறிப்பு, மாலை வேளையில் வாசிக்கும் மிருதங்கம், தானே தைத்த துணிப்பை ஆகியனவும் படைப்புகளே. தேர்வும் வேலையும் பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொள்ளும் இக்காலத்தில், ஒரு நாளில் பதினைந்து நிமிடத்தை ஒதுக்குவதே ஒரு தொடக்கமாகும். மனநிலை கனியும்வரை காத்திராமல் குறித்த நேரத்தில் அமர்வது, முதல் முயற்சி நன்றாக அமையாவிட்டாலும் அடுத்ததைத் தொடங்குவது, சுற்றியுள்ள மனிதரையும் பொருளையும் உற்று நோக்குவது ஆகிய பழக்கங்களே படைப்பாற்றலைப் பேணுகின்றன. குழந்தைப் பருவத்தில் கீழே வைத்த பென்சிலை எந்த வயதிலும் மீண்டும் எடுக்கலாம்.