காரை விட்டு இறங்கினால்

ஹூண்டாய் நிறுவனம் 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் கால் ஊன்றியபோது, ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் வெளியுலகுக்கு இரண்டு காரணங்களால்தான் தெரிந்திருந்தது: ராமாநுஜர் பிறந்த ஊர், ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர். 1998-இல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2007-இல் சாம்சங், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-இல் டைம்லர் லாரித் தொழிற்சாலை, சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் என்று அடுத்தடுத்து வந்தன. இன்று இந்தச் சாலைகளில் கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை மாட்டிய உணவகங்களையும், ஜப்பானியப் பொறியாளர்கள் தங்கும் விடுதிகளையும் பார்க்கலாம். கொரியர், ஜப்பானியர், தைவானியர், சீனர், ஜெர்மானியர் எனப் பல நாட்டவர் இங்கே வேலை பார்க்கிறார்கள். இவர்கள் இங்கே பாதுகாப்பாக உணர்கிறார்களா என்று கேட்டால் நம்மிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும்: தமிழ்நாடு அமைதியான மாநிலம், இங்கே வெளிநாட்டவர் மீது யாரும் கை வைப்பதில்லை. அந்தப் பதிலில் பெரும்பகுதி உண்மைதான். ஆனால் அது குற்றத்தைப் பற்றிய பதில். அன்றாட வாழ்க்கையில் ஒருவர் பத்திரமாக உணர்வது குற்றம் நடக்கிறதா இல்லையா என்பதை மட்டும் பொறுத்ததல்ல. தன் காலால் நடந்து, தனக்குத் தெரிந்த மொழியில் பேசி, யார் துணையும் இல்லாமல் ஒரு காரியத்தை முடித்துக்கொண்டு வீடு திரும்ப முடிகிறதா என்பதையே அது அதிகம் பொறுத்திருக்கிறது. இந்த அளவுகோலை வைத்தால் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியின் கணக்கு வேறு விதமாக வருகிறது.

உலக நாடுகளில் மக்களின் பாதுகாப்பு உணர்வை அளக்க கேலப் நிறுவனம் ஆண்டுதோறும் ஒரு கேள்வி கேட்கிறது: நீங்கள் வசிக்கும் பகுதியில் இரவு நேரத்தில் தனியாக நடந்து போவது பத்திரமானது என்று உணர்கிறீர்களா? இந்தக் கேள்வியை இரவு பத்து மணிக்கு ஒரகடம் சந்திப்பில் நிற்கும் ஒருவரிடம் கேட்டால், அவர் மனத்தில் முதலில் வருவது திருடனாக இருக்காது, கண்டெய்னர் லாரியாகத்தான் இருக்கும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கபெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கிடும் இடம் அது. இரண்டும் சரக்கு வண்டிகளுக்காக அகலப்படுத்தப்பட்ட சாலைகள். 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. எண்ணிக்கையில் நாட்டிலேயே அதுதான் முதலிடம். அவற்றில் 17,884 பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் மாநிலத்தில் பதிவான கொலைகள் ஏறத்தாழ 1,700. அதாவது கொலையுண்டவர்களைப் போலப் பத்து மடங்குப் பேர் சாலையில் உயிர் விட்டிருக்கிறார்கள். லட்சம் பேருக்கு எத்தனை சாவு என்று கணக்கிட்டால் தமிழ்நாட்டில் சுமார் 23 வருகிறது. ஜப்பானில் அது மூன்றுக்கும் குறைவு, தென் கொரியாவில் ஐந்தை ஒட்டி. தைவானில் 13 அளவில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கேயும் பாதசாரிகள் படும் பாடு பெரிய அரசியல் பிரச்சினையாகியிருக்கிறது. எப்படியும், ஒசாகாவிலிருந்தோ சியோலிலிருந்தோ வந்தவருக்கு இங்கே உண்மையான ஆபத்து தெருவோரத்தில் நிற்கும் மனிதர்களால் அல்ல, தெருவால்தான். நாட்டளவில் சாலையில் இறப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இருசக்கர வாகனத்தில் போனவர்களும் நடந்து போனவர்களும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்த ஆபத்து யார் தலையில் விழுகிறது என்பதும் விளங்கும்.

வெளிநாட்டு அதிகாரிகளை இந்த ஆபத்திலிருந்து காப்பாற்றுவது அவர்களுடைய நிறுவனங்கள். டிரைவருடன் ஒரு கார், வாசலில் காவலாளி இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு, மருத்துவமனைக்கும் அரசு அலுவலகத்துக்கும் கூட வருகிற ஒரு மொழிபெயர்ப்பாளர், எந்நேரமும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண் என்று எல்லாம் சம்பளத்தோடு சேர்ந்தே வருகின்றன. பல பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் நாட்டு ஊழியர்களை இந்தியச் சாலையில் வண்டி ஓட்ட அனுமதிப்பதே இல்லை. குடும்பத்தோடு வந்தவர்களில் பலர் சென்னை நகருக்குள்ளேயே வீடு எடுத்துக்கொண்டு, தினமும் நாற்பது கிலோமீட்டர் வந்து போகிறார்கள். இந்த ஏற்பாட்டின் நடுநாயகம் டிரைவர்தான். எந்தக் கடையில் எது கிடைக்கும், எந்தச் சாலையில் தண்ணீர் நிற்கும், போலீஸ்காரர் நிறுத்தினால் என்ன சொல்ல வேண்டும், காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவரிடம் போகலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு வெளிநாட்டுக் குடும்பத்துக்குத் தமிழ்நாட்டைப் படித்துச் சொல்கிற மனிதர் அவர். அவருடைய உழைப்புக்கு மரியாதை செய்தாக வேண்டும். ஆனால் அவர் ஒருநாள் விடுப்பில் போனால் அந்தக் குடும்பம் வீட்டை விட்டு வெளியே வரத் தயங்குகிறது என்றால், அந்தக் குடும்பத்துக்கு இந்த ஊரில் பாதுகாப்பு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? பாதுகாப்பு அந்தக் காருக்குள் இருக்கிறது, ஊரில் இல்லை.

காருக்குள் இருக்கும் பாதுகாப்பு கார் ஓடுகிற வரைக்கும்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சாலைகள் மூழ்கின, சென்னை விமான நிலையம் பல நாள் மூடப்பட்டது, இந்தப் பகுதியின் தொழிற்சாலைகள் உற்பத்தியை நிறுத்தின. அப்போது எந்த நிறுவனத்தின் பணத்தாலும் சாலையை வறளச் செய்ய முடியவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. அடுத்த மாதமே நூற்றுக்கணக்கான கொரியர்கள் சிறப்பு விமானங்களில் சென்னையிலிருந்து நாடு திரும்பினார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் சொந்த ஊருக்குப் போக நினைப்பது மனித இயல்பு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் இங்கே வாழ்ந்தவர்களுக்கு இடர் வந்த நேரத்தில் நம்பிப் போய்க் கேட்க அக்கம்பக்கத்தில் ஒரு முகம்கூட அறிமுகமாகவில்லை என்றால், அது நாம் கவனிக்க வேண்டிய செய்தி. காரிலேயே போய்க் காரிலேயே வருபவருக்கு அக்கம்பக்கம் உருவாவதில்லை.

இதே சாலைகளில் கார் இல்லாத அயலாரும் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து, வாடகை அறையில் பலராகத் தங்கி, ஷிஃப்ட் முடிந்து நெடுஞ்சாலையோரமாக நடந்து திரும்புகிறவர்கள் அவர்கள். சட்டப்படி அவர்கள் வெளிநாட்டவர் அல்லர். ஆனால் மொழி தெரியாத ஊரில் வாழ்வதன் எல்லாக் கூறுகளும் அவர்களுக்கும் பொருந்தும். பாதுகாப்பு உணர்வு எவ்வளவு எளிதில் உடையும் என்பதை 2023 மார்ச் காட்டியது. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. சில நாட்களுக்குள் பல மாவட்டங்களில் தொழிலாளர்கள் ரயிலேறினார்கள். பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பி விசாரித்தது. காணொளிகளில் இருந்தவை வேறு இடங்களில், வேறு காரணங்களுக்காக நடந்தவை என்று காவல்துறை விளக்கியது. இந்தியில் அறிவிப்புகள் வந்தன, உதவி எண்கள் தரப்பட்டன, அதிகாரிகள் தொழிலாளர் தங்குமிடங்களுக்கே போய்ப் பேசினார்கள். பதற்றம் தணிந்தது. அந்த அச்சத்தைப் போக்கியது பொய் பரப்பியவர்களைப் பிடித்தது மட்டுமன்று. தொழிலாளர்களுக்குப் புரிகிற மொழியில், பொறுப்புள்ள ஒருவர், நேரில் வந்து பேசியதும்தான். அதற்கு முன்பே அந்த வாய்ப்பு இருந்திருந்தால் பொய் அவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது.

உண்மையைச் சொல்ல ஆளில்லாமல் வதந்திக்கு அஞ்சும் நிலை தமிழ் பேசும் பெண்களுக்கே நேர்ந்திருக்கிறது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஊழியர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று சொல்ல ஆளில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி கிளம்பியது. பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது தகவலும் மரியாதையும்தான். அதன்பின் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய பெரும் குடியிருப்பை சிப்காட் மூலம் அரசு கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. பழைய விடுதிகளோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம், வரவேற்க வேண்டியது. இருந்தாலும் அதிகாரியின் காருக்கு எந்த வழிமுறையோ அதேதான் இதற்கும்: மதிலுக்குள் பாதுகாப்பு, மதிலிலிருந்து ஆலைக்குக் கம்பெனி பஸ். மதிலுக்கும் ஆலைக்கும் நடுவே கிடக்கும் ஊர் மட்டும் மாறாமல் இருக்கிறது.

இந்த மதில் வழிமுறையின் எல்லையைச் சிங்கப்பூர் காட்டுகிறது. கேலப்பின் கேள்விக்கு ஆண்டுதோறும் மிக உயர்ந்த பதில் வரும் நாடுகளில் ஒன்று அது. புதுக்கோட்டையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் போன நம் பிள்ளைகளும் அங்கே நள்ளிரவில் தெருவில் பயமில்லாமல் நடக்கிறார்கள், யாரும் வழிமறிப்பதில்லை. ஆனால் அவர்களில் பலர் வேலைக்குப் போவது லாரியின் பின்புறத்தில் உட்கார்ந்து, தங்குவது நகர ஓரத்துப் பெரும் விடுதிகளில். 2020-இல் கொரோனா அந்த விடுதிகளுக்குள் புகுந்தது. ஆண்டு முடிவதற்குள் விடுதிவாசிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் தொற்றுக்கு ஆளாகியிருந்தது அரசின் கணக்கிலேயே தெரிந்தது. இது சிங்கப்பூரோடு நிற்கவில்லை. 2024 ஜூனில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் நடந்த தீவிபத்தில் இறந்த 45 இந்தியர்களில் ஏழு பேர் தமிழர்கள். குற்றம் குறைந்த நாடு என்பது அங்கே போன ஏழை வெளிநாட்டவரின் பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகவில்லை. நம் பிள்ளைகளுக்காக அந்த நாடுகளிடம் நாம் என்ன கேட்கிறோமோ, அதையே இங்கே வந்தவர்களுக்கும் கொடுக்கிறோமா என்று பார்ப்பதுதான் நேர்மை.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, சாலையைப் பெரிதாகப் பேசிக் குற்றத்தைச் சிறிதாக்கக் கூடாது, குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில் என்பது. இது நியாயமான மறுப்பு. 2022-இல் மும்பையில் தெருவிலிருந்தபடி நேரலை செய்துகொண்டிருந்த ஒரு கொரியப் பெண்ணை இருவர் தொந்தரவு செய்ததை உலகமே பார்த்தது. காட்சி பதிவாகியிருந்ததால் கைது உடனே நடந்தது. பதிவாகாத தொந்தரவுகளுக்கு இப்படிக் கணக்கில்லை. முறைத்துப் பார்ப்பதும், அனுமதியின்றிப் படம் எடுப்பதும் புள்ளிவிவரத்தில் ஏறுவதில்லை. ஆனால் ஒரு பெண் இனி நடந்து போக வேண்டாம் என்று முடிவெடுக்க அவை போதும். இருந்தும் இந்த மறுப்பு என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. விளக்கு இல்லாத, நடைபாதை இல்லாத, ஆள் நடமாட்டமே இல்லாத சர்வீஸ் ரோட்டில் தொந்தரவு செய்பவனுக்குத் துணிச்சல் கூடுகிறது. பெண்கள் நிறையப் பேர் நடக்கிற தெருவில் அது குறைகிறது. தெரு நடப்பதற்கு உரியதாக இருந்தால் சாலைப் பயமும் ஆள் பயமும் சேர்ந்தே குறையும்.

இரண்டாவது மறுப்பு காசு பற்றியது. கை நிறையச் சம்பளம் வாங்கும் வெளிநாட்டு அதிகாரிக்காக அரசு ஏன் செலவு செய்ய வேண்டும், அவருடைய நிறுவனம் பார்த்துக்கொள்ளாதா? அதிகாரிக்காக மட்டும் என்றால் வேண்டாம்தான். ஆனால் ஒரு நடைபாதை அதிகாரியின் மனைவிக்கும், ஒடியத் தொழிலாளிக்கும், திருநெல்வேலியிலிருந்து வந்து ஆலையில் வேலை செய்யும் பெண்ணுக்கும், மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் ஒரகடத்துப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் போடப்படுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆட்களுக்குத் தனித்தனியாகக் காரும் பஸ்ஸும் காவலாளியும் வைப்பது, எல்லோருக்குமான ஒரு பாதையைவிட நிச்சயமாகச் செலவு கூடிய வழி. இந்த மாநிலம் அப்படிப் பொதுவாகச் செய்ய முடியாததும் அல்ல. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைக் குறிப்பிட்ட வரம்பு வரை அரசே ஏற்கிறது. அடிபட்டவர் இம்மாநிலத்தவரா, பிற மாநிலத்தவரா, வெளிநாட்டவரா என்று அத்திட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. இதை ஒரகடத்தில் தங்கியிருக்கும் எத்தனை வெளிநாட்டவருக்கு யார் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்? வெளிநாட்டவரைப் பற்றிய நம் அரசு நடைமுறைகளில் நன்றாக இயங்குவது பதிவுதான்: வீட்டில் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவம் நிரப்ப வேண்டும், நீண்ட கால விசாவில் வந்தவர் பதிவு அலுவலகத்தில் பெயர் கொடுக்க வேண்டும். வந்தவர் யார் என்று அரசு தெரிந்துகொள்வது அவசியமே. அதே பதிவின்போது 108, 112 எண்களையும், விபத்துச் சிகிச்சைத் திட்டத்தையும், அருகிலுள்ள காவல் நிலையத்தையும் அவர் மொழியிலேயே ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் கொடுத்தால் பதிவு இருவழிப் பாதையாகும்.

ஸ்ரீபெரும்புதூருக்கு இன்னும் ரயில் நிலையம் இல்லை. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ஒரு பாதை ஆண்டுக்கணக்காகப் பேச்சில் இருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூர் வரை மெட்ரோவை நீட்டுவதும் திட்டத்தில் இருக்கிறது. அவை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் பல உண்டு: சிப்காட் வளாக வாசல்களிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை விளக்கோடு நடைபாதை, ஷிஃப்ட் மாறும் நேரங்களில் சாலையைக் கடக்க சிக்னல், நிறுத்தங்களில் தமிழோடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேருந்து வழித்தடப் பலகை, இரவு பத்து மணிக்கு மேல் ஓடும் பொதுப் பேருந்து. இவை முடிந்ததும் கேலப்பின் கேள்வியை ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் கேட்க வேண்டும். கொரிய மேலாளரிடமும், அவர் மனைவியிடமும், அசாமியத் தொழிலாளியிடமும், வல்லம் வடகால் விடுதிப் பெண்ணிடமும் தனித்தனியாகக் கேட்டு, வரும் பதில்களைச் சிப்காட் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எத்தனை கோடி முதலீடு வந்தது என்று அறிவிக்கும் அதே மேடையில் இந்த எண்களையும் வாசிக்கலாம்.